அரசு அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடம்

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்த போலீஸ்காரரிடம் ஜெகதீஸ்வரி சொன்ன பொய் ரொம்பச் சின்னது. மோட்டார் சைக்கிள் தன் வீட்டுக்காரருடையது, அவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். நாக்கு குழறவில்லை, கண் தாழவில்லை. அவரும் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கூடத்தில் மகன் புவனேஸ்வரன் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உள்ளே போய் அம்மாவுக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தத் தண்ணீரைக் குடித்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

நடந்தது ஜெலுத்தோங் முழுக்கத் தெரிந்த கதை. சந்தைக்குப் பக்கத்தில் கைபேசி பழுதுபார்க்கும் யூசுப் பாயை, பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து அடித்தார்கள். மாதாமாதம் கேட்கிற பாதுகாப்புப் பணத்தை இனி தர முடியாது என்று அவர் சொன்னதுதான் காரணம். ஒருவன் இரும்புக் குழாயோடு கடைக்குள் போனான். இன்னொருவன் வெளியே வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பாயின் கால் முறிந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் யாரோ வண்டி எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அது அவள் வீட்டுக்காரர் ராமசாமியின் பெயரில் இருக்கிற வண்டி. அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்த ராமசாமி, அதற்கப்புறம் வீடு திரும்பவே இல்லை.

கடைக்குள் போனவன் யார் என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியாது. வெளியே வண்டியில் இருந்தவன் யார் என்று அவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ராமசாமிக்குக் கருமாதி.

*

கடற்கரையில் பண்டாரம் சடங்குகளைச் செய்து முடித்ததும், மொட்டை போட்ட புவனேஸை அழைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி அடுக்குமாடிக்குத் திரும்பியபோது, கீழே கூடாரம் போட்டாகிவிட்டது. மேசை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. ஒரு பக்கம் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள், யாரும் யாரையும் ஏவாமல், ஆளுக்கொரு வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரியைக் கண்டதும் ஒருவன் ஓடி வந்தான்.

"உக்காருங்கம்மா. டீ ஆத்தட்டுமா?"

இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பையன்களைத் தேடினாலும் கிடைக்காது. வயிற்றெரிச்சலே அதுதான்.

மகள் ரூபினி தாயின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு நேராகக் கடற்கரைக்கு வந்தவள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இவனுங்கள வரச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. அவங்களா வந்தாங்க."

"அவங்களா ஒன்னும் வரல லா. வியாழக்கிழம போலீஸ் வந்தது அவனுங்களுக்குத் தெரியும். நம்மள கண்காணிக்க வந்துருக்கானுங்க."

"மெதுவா பேசுடி."

"மெதுவா பேசி மெதுவா பேசித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

"அப்பா செத்தப்ப யாரு வந்தா, சொல்லு? ஒறவுக்காரங்க எல்லாம் மின்சுடலைக்கு நேரா வந்து, மூஞ்சியக் காட்டிட்டுப் போயிட்டாங்க. தூக்குனது இவங்கதான். ஆக்கிப் போட்டது இவங்கதான். இப்ப எந்த வாயால போங்கன்னு சொல்லச் சொல்ற?"

அம்மா சொன்னது உண்மை. பாடை, உருமி மேளம், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் திருநாவுக்கரசு. வட்டாரத்தில் அரசு அண்ணன் என்றால்தான் தெரியும். நாற்பதைத் தொடாத வயது. அவன் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கார் கழுவும் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வான். அதில் பொய் ஒன்றும் இல்லை. கடையும் இருக்கிறது, கார்களும் கழுவப்படுகின்றன.

பள்ளியைப் பாதியில் விட்ட புவனேஸ் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த சில மாதங்களில் ஆளே மாறிப்போனான். மதியம்வரை தூங்குகிறவன் விடிந்ததும் எழுந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டான். பெற்ற பிள்ளை அப்படிக் கேட்டு அவள் அதுவரை கேட்டதே இல்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் அரசு அண்ணனைப் பார்த்து, "எம்புள்ளய மனுசனாக்கிட்டீங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று அங்கே யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. நேரத்துக்கு வா என்கிறார்கள். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நில் என்கிறார்கள். கொடுத்த வேலையைக் கேள்வி கேட்காமல் செய் என்கிறார்கள். எல்லாம் நாம் வீட்டில் சொல்ல நினைத்து, வேலை முடிந்து வந்த அலுப்பில் சொல்லாமல் விட்டவைதான். கேள்வி கேட்காதே என்பது பழகிய பிறகு, பார்த்ததை வெளியே பேசாதே என்பது வருகிறது. அதற்குள் பிள்ளைக்கு அந்த இடம் வீடாகிவிடுகிறது.

"தாய்மாமன் வந்தாச்சாம்மா?" பண்டாரம் கூடாரத்திலிருந்து குரல் கொடுத்தார். "உருமா கட்டணும்."

*

கொள்ளி வைத்த மகனுக்குப் புது வேட்டி கொடுத்து, மொட்டைத் தலையில் உருமால் கட்டிவிடுவது தாய்மாமனின் உரிமை. இனி இந்த வீட்டுக்கு நீதான் ஆண்பிள்ளை, உனக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்கிற சடங்கு அது. ஜெகதீஸ்வரிக்கு ஒரே தம்பி, லோகேஸ்வரன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருக்கிறான். காலையிலேயே வந்திருக்க வேண்டியவன்.

அவள் கைபேசியை எடுத்தாள்.

"லோகேசு, எங்கடா இருக்க?"

"நான் வரலக்கா."

"என்னடா வெளையாடறியா? எல்லாரும் காத்துகிட்டு இருக்காங்க."

"வந்தேன்க்கா. பாலம் தாண்டி, ஒங்க பிளாட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அந்தக் கறுப்புச் சட்டைக்காரனுங்களப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். அவனுங்க மத்தியில நான் வந்து நிக்க மாட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு. மொதல்ல அவனுங்கள அனுப்பு, அப்பறம் கூப்புடு."

"எப்படிடா அனுப்புறது? சோறே அவங்கதான் ஆக்குறாங்க."

"அப்ப உருமாவையும் அவனுங்களையே கட்டச் சொல்லு."

கோபத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், அதற்கும் எடுக்கவில்லை.

"நேரமாவுதும்மா," என்றார் பண்டாரம். "நான் இன்னொரு வீட்டுக்குப் போவணும்."

அப்போது அரசு அண்ணன் தட்டோடு வந்தான். தட்டில் புது வேட்டி, கரை போட்ட துண்டு, வெற்றிலை பாக்கு. எப்போது வாங்கினான், யாரைக் கேட்டு வாங்கினான் என்று தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மாமா வர முடியலன்னா நான் கட்டி விடுறேன். தம்பி வெறுந்தலையோட நிக்கக் கூடாது."

ஜெகதீஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். வாய் திறக்க ஒருவரும் தயாராக இல்லை. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பு வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, மின்சுடலைக்குப் போனது, ஹோட்டல் சலவைக்கூடத்தில் விடுப்புக்குக் கெஞ்சியது எல்லாம் சேர்ந்து அவள் உடம்பில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் தலையை அசைத்தாள். ரூபினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரசு அண்ணன் நிதானமாக, மடிப்புக் கலையாமல் உருமாலைக் கட்டினான். புவனேஸ் அவன் காலில் விழுந்து எழுந்தான். எழுந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. அப்பனுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட அந்தக் கண்கள் கலங்கவில்லை.

*

படையல் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சற்றுக் கால் நீட்டலாம் என்று ஜெகதீஸ்வரி மாடிக்கு வந்தாள். ரூபினி சமையலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்து, மாடி நடைபாதைப் பக்கத்து ஜன்னலைக் காட்டினாள்.

வெளியே இரண்டு குரல்கள்.

"மறுபடி சொல்லு தம்பி."

"ஃபோன ரிப்பேர் பண்றேன்னு பாய் கெடுத்துட்டாரு. தனியா கேக்கப் போனேன். வாய்த் தகராறு ஆயிருச்சு. கோவத்துல அடிச்சிட்டேன்."

"வேகமா சொல்ற. மனப்பாடம் பண்ண மாதிரி இருக்கு. அவங்க கேட்டதும் ஒடனே வாயத் தொறக்காத. தரையப் பாரு. ஒரு மூச்சு விடு. அப்பறம் பேசு."

"கூட இன்னொருத்தன் இருந்தானாமேன்னு கேட்டா, அண்ணே?"

"கேப்பாங்க. கண்டிப்பா கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?"

புவனேஸ் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"ஆங், அப்படி. என் மச்சான் பேரு ஒன் வாயில வரவே கூடாது. அவனுக்கு ஏற்கனவே ரெண்டு கேஸ் இருக்கு, இதுல மாட்டுனா வெளிய வர மாட்டான். ஒனக்கு இது மொத தடவ. நம்ம லாயர் பேசிக் கொறைப்பாரு. அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ வெளிய வர்றப்ப ஒனக்கு ஒரு எடம் இருக்கும்."

ஜெகதீஸ்வரி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். புவனேஸ் சுவரில் சாய்ந்து, இமை கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவன் என்று எத்தனை ஆசிரியர்கள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது என்றார்கள். ஏறுகிறதே. சந்தேகம் கேட்கிறான். தப்பைத் திருத்திக்கொள்கிறான். சொல்லித்தருகிறவனும் கையை ஓங்காமல், பொறுமையாகச் சொல்லித்தருகிறான். மகன் ஒரு பாடத்தை இத்தனை அக்கறையாகப் படித்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அரசு அண்ணன் உடனே எழுந்து நின்றான்.

"தம்பி, எம்புள்ள யாரையும் அடிக்கல."

"எனக்குத் தெரியும்மா."

இல்லை என்று சாதிப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"தம்பி வண்டிதான் ஓட்டுனான்," என்றான் அவனே. "ஆனா அதுக்கும் உள்ள போய்த்தான் ஆவணும். போறதுதான் போறான், ஒரு குடும்பத்தக் காப்பாத்திட்டுப் போவட்டுமே. மச்சானுக்குச் சின்னச் சின்னப் புள்ளைங்கம்மா. நாளைக்குப் போலீஸ் இங்க வர்றதுக்கு முன்னாடி நானே தம்பியப் போலீஸ் பாலாய்க்குக் கூட்டிட்டுப் போய் ஒப்படைக்கிறேன். நீங்க ஒன்னே ஒன்னு சொன்னா போதும். அன்னைக்குப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன், சாவிய எடுத்துட்டுப் போனது மகன்தான்னு."

அவள் அவனை விட்டுவிட்டு மகனிடம் திரும்பினாள்.

"புவனேசு. அம்மாகிட்ட சொல்லு. பாய அடிச்சது யாரு?"

அவன் உடனே வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்தான். ஒரு மூச்சு விட்டான்.

"நான்தாம்மா."

ஒரு கணம் அவள் நம்பிவிட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்டவள், பத்து மாதம் சுமந்து பெற்றவள், அவளே நம்பிவிட்டாள். அரசு அண்ணன் புவனேஸின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

*

"அவன் ஒன்ன பலி குடுக்குறான்டா," என்றாள் ஜெகதீஸ்வரி. "புரியலையா ஒனக்கு?"

"அண்ணன் என்னை நம்புறாரும்மா." புவனேஸின் குரலில் கோபம்கூட இல்லை. "அப்பா என்னைக்காவது ஒரு சாவிய நம்பி என் கையில குடுத்துருக்காரா? உருப்படாதவன், உருப்படாதவன், அதான் தெரியும் அவருக்கு. அண்ணன் தன் மச்சானையே என்கிட்ட குடுக்குறாரு."

"அதுக்குப் பேரு நம்பிக்கையா?"

"அப்ப நீங்க போலீஸ்கிட்ட சொன்னதுக்குப் பேரு என்னம்மா? எனக்காகத்தான பொய் சொன்னீங்க? சொந்த ஆளுங்களுக்காகச் சொன்னா தப்பில்லன்னு நீங்களும்தான காட்டுனீங்க. இவங்களும் என் ஆளுங்கதான்."

சொல்லிவிட்டு அவன் கீழே பந்தி பரிமாறப் போய்விட்டான்.

ஜெகதீஸ்வரி கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். கடன்காரன் வந்தால் அப்பா இல்லை என்று சொல்லச் சொன்னது அவள்தான். வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று போன் போட்டுச் சொல்லச் சொன்னதும் அவள்தான். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? எல்லா வீட்டுப் பிள்ளையும் இப்படியா போனது? இல்லை. ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு வாசலில் ஓர் அரசு அண்ணன் நிற்கவில்லை. கணக்குப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுப்புத்தான் மிஞ்சியது.

"என்னம்மா செய்யப் போறீங்க?" ரூபினி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அலுப்பா இருக்கு ரூபினி. அப்படியே படுத்துக்கலாம் போல இருக்கு."

"படுத்துக்குங்க. நாளைக்கு அவரு கூட்டிட்டுப் போயிருவாரு. அடிச்சவன் வீட்ல இருப்பான், நம்ம தம்பி உள்ள இருப்பான். திரும்பி வர்றப்ப அவன் நம்ம தம்பியா இருக்க மாட்டான். அவங்க ஆளா இருப்பான்."

ஜெகதீஸ்வரி தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உண்மையச் சொன்னாலும் அவன உள்ள வைப்பாங்க, இல்ல?"

"வைப்பாங்கம்மா. வண்டி ஓட்டியிருக்கான்ல."

"வைக்கட்டும். செஞ்சதுக்குப் போவட்டும். செய்யாததுக்குப் போவ வேண்டாம். நீ வாடகை வண்டிக்கு ஃபோன் போடு."

*

ரூபினி பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி, சாலையில் வந்து நின்ற வாடகைக் காரில் ஏறப் போனாள். ஜெகதீஸ்வரி அத்தனை படி இறங்க முடியாமல் மின்தூக்கியில் இறங்கிக் கூடாரத்தைத் தாண்டி வந்தாள். தட்டு கழுவிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் எழுந்தார்கள்.

"எங்கம்மா போறீங்க? சொல்லுங்க, நாங்க கொண்டு விடுறோம்."

கோயிலுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் அது தானாக வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"பாலாய்க்கு," என்றாள். "போலீஸ்கிட்ட அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அதத் திருத்திச் சொல்லணும்."

இலையில் கை வைத்தவர்கள் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். கறுப்புச் சட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. கை கழுவிக்கொண்டிருந்த அரசு அண்ணன் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"இன்னைக்கு கருமாதிம்மா. வந்தவங்க சாப்புட்டுகிட்டு இருக்கறப்ப நீங்க இப்படிப் போவலாமா?" பிறகு திரும்பினான். "தம்பி, அம்மாவுக்கு ஒடம்பு முடியல. மேல கூட்டிட்டுப் போ."

புவனேஸ் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அம்மாவின் கையைப் பிடித்தான். மென்மையாகத்தான் பிடித்தான்.

"வாங்கம்மா."

"விடுப்பா. அம்மா போவணும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அரசு அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அங்கிருந்து என்ன உத்தரவு வருகிறதோ அதற்காகக் காத்திருந்தான். அரசு அண்ணன் லேசாகத் தலையை அசைத்தான். பிடி இறுகியது.

உதறிக்கொண்டு போக ஜெகதீஸ்வரிக்குத் தெம்பில்லை. மகனின் கை அது, உதற மனமும் வரவில்லை. ஆனால் குரல் அவளிடம் இருந்தது. சாலைப் பக்கம் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினாள்.

"ரூபினி, நீ போ! காதால கேட்டத அப்படியே சொல்லு. அடிச்சது அவரு மச்சான்னு சொல்லு!"

ஒரு பையன் காரை நோக்கி நாலு எட்டு வைத்தான். பந்தியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசு அண்ணன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். கார் கிளம்பிச் சந்தைப் பக்கம் திரும்பி மறைந்தது.

"யாரும் போவாதீங்கடா," என்றான் அரசு அண்ணன், அதே தாழ்ந்த குரலில். "தம்பியோட அக்கா திரும்பி வரட்டும். பேசிட்டுப் போவலாம்." சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

புவனேஸின் பிடி தளர்ந்தது. அவன் அண்ணனின் முதுகைப் பார்த்தான், காலியான சாலையைப் பார்த்தான், கடைசியாக அம்மாவைப் பார்த்தான்.

"அக்காவுக்கு ஃபோன் போடுங்கம்மா," என்றான் மெல்ல. "திரும்பி வர வேணாம்னு சொல்லுங்க. இங்க வர வேணாம்னு சொல்லுங்க. இவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது."